இன்னொருவர் கையால் துலக்கப்படும் பற்கள்

பல் துலக்குதல் என்பது ஒருவர் தம் கையால் தமக்கே செய்துகொள்ளும் வேலை என்ற எண்ணம் எல்லாச் சமூகங்களிலும் வேரூன்றியிருக்கிறது. வேப்பங்குச்சியோ பிரஷ்ஷோ எதுவாயினும், அதைப் பிடிக்கும் விரல்களும், வாயைத் திறந்து வைத்திருக்கும் தசைகளும், கொப்பளித்துத் துப்பும் திறனும், நாள்தோறும் மறவாமல் செய்யும் நினைவும் எவருக்கும் இயல்பாகவே வாய்த்திருக்கும் என்று அந்த எண்ணம் கொள்கிறது. மூளை முடக்குவாதத்தால் கை வளைந்து இறுகிப்போனவர், அறிவுசார் குறைபாட்டோடு பிறந்தவர், ஆட்டிசம் உடைய குழந்தை, பக்கவாதத்தில் படுத்துவிட்ட முதியவர் ஆகியோருக்கு இவற்றுள் ஒன்றோ பலவோ இல்லாதபோது, அவர்களுடைய வாயின் நலம் முழுவதும் இன்னொருவர் கையைச் சார்ந்துவிடுகிறது. அந்தக் கை யாருடையது, அதற்கு யார் பயிற்சி கொடுத்தார்கள், அதை அனுப்பிவைக்கும் பொறுப்பைச் சட்டமும் அரசும் எப்போது ஏற்றன என்பதே சிறப்புத் தேவையுடையோருக்கான பல் சுகாதாரப் பணியின் வரலாறு. அவ்வரலாற்றில் இந்த மனிதர்களின் வாய் முதலில் அளக்கப்பட்டது. பிறகு அதிலிருந்து பற்கள் பிடுங்கப்பட்டன. பிறகு அது சோதனைக் களமாக்கப்பட்டது. அதைத் தூய்மைப்படுத்தும் வேலை எல்லாவற்றுக்கும் பின்னர்தான் வந்தது.

அளந்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஜான் லாங்டன் டவுன். இன்று அவர் பெயராலேயே டவுன் சிண்ட்ரோம் என்று வழங்கும் பிறவி நிலையை 1866இல் விவரித்த இம்மருத்துவர், ஏர்ல்ஸ்வுட் காப்பகத்தின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியபோது அங்கிருந்தவர்களின் வாயையும் உற்றுநோக்கினார். மேலண்ணம் உயர்ந்து குறுகியிருப்பதையும், நாக்கின் தோற்றம் வேறுபட்டிருப்பதையும், பற்கள் தாமதமாகவும் ஒழுங்கின்றியும் முளைப்பதையும் குறித்துக்கொண்டு, பற்களுக்கும் வாய்க்கும் மனவளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கட்டுரை ஒன்றை 1871இல் பிரிட்டனின் பல் மருத்துவச் சங்கத்தின் முன் வைத்தார். அக்காலத்துக்கு அது கூர்மையான கவனிப்புதான். டவுன் தம் பொறுப்பிலிருந்தவர்களை மற்றவர்களைவிடப் பரிவோடு நடத்தியவர் என்பதும் உண்மை. ஆயினும் அந்த அளவைகளின் நோக்கம், குறைபாடு பிறவியிலேயே வந்ததா பிறகு வந்ததா என்று பிரித்தறிவதாகவே இருந்தது. அண்ணத்தின் உயரம் நோயைக் கண்டறியும் அடையாளமாயிற்றே தவிர, அந்த வாய்க்குள் நாள்தோறும் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. டவுன் சிண்ட்ரோம் உடையவர்களுக்குப் பற்சொத்தை ஒப்பளவில் குறைவாகவும், பல்லைத் தாங்கும் ஈறும் எலும்பும் அரிக்கப்படும் நோய் இளம் வயதிலேயே மிகுதியாகவும் வருகிறது என்பதும், ஆகவே துளையடைப்பைவிட ஈறோரத் தூய்மையே அவர்களுக்கு முதல் தேவை என்பதும் மிகப் பின்னர்தான் தெளிவாயின.

தூய்மைப்படுத்துவதையே ஒரு தனித் தொழிலாக்கியது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள பிரிட்ஜ்போர்ட் என்னும் தொழில் நகரம். அங்கே பல் மருத்துவராயிருந்த ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், சொத்தை விழுந்த பிறகு அடைப்பதைவிட விழாமல் காப்பதே தம் தொழிலின் கடமை என்று நம்பினார். 1906இல் தம் உதவியாளரும் உறவினருமான ஐரீன் நியூமன் என்பவருக்குப் பற்காரை நீக்கவும் பற்களை மெருகிடவும் கற்றுக்கொடுத்தார். பற்களின் மேல் ஒட்டும் கிருமிப் படலம் நீக்கப்படாமல் உமிழ்நீரின் சுண்ணச்சத்தோடு சேர்ந்து கல்லாக இறுகுவதே பற்காரை. அதைக் கருவியால் சுரண்டி எடுப்பதைத்தான் இன்று ஸ்கேலிங் என்கிறார்கள். 1913 நவம்பரில் ஃபோன்ஸ் தம் இடத்திலிருந்த வண்டிக் கொட்டகையைச் சீரமைத்து முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்க, அடுத்த ஆண்டு 27 பெண்கள் அங்கிருந்து தேறி வெளிவந்தார்கள். அவர்களில் பலர் நகரப் பள்ளிக் குழந்தைகளின் பற்களைத் தூய்மைப்படுத்தவும் அவர்களுக்குப் பல் துலக்கக் கற்பிக்கவும் அமர்த்தப்பட்டார்கள். டென்டல் ஹைஜீனிஸ்ட் என்ற பெயரையும் ஃபோன்ஸே இட்டார். தமிழில் அதைப் பல் சுகாதாரப் பணியாளர் எனலாம்.

பிரிட்ஜ்போர்ட்டின் கதை பல் மருத்துவ நூல்களில் அடிக்கடி சொல்லப்படுவதுதான். அதில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு, கனெக்டிகட் மாநிலம் 1915இல் இத்தொழிலை வரையறுத்து இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. உரிமம் பெற்ற பணியாளர் பல் மருத்துவரின் அறையில் மட்டுமன்றி, பல் மருத்துவர் ஒருவரின் பொதுவான மேற்பார்வையின்கீழ்ப் பொது, தனியார் நிறுவனங்களிலும் பணி செய்யலாம் என்று அச்சட்டம் இடம் கொடுத்தது. நிறுவனம் என்ற சொல் அந்நாளில் பள்ளியோடு மருத்துவமனையையும், அனாதை விடுதியையும், மனநோயாளிகளும் அறிவுசார் குறைபாடுடையோரும் அடைக்கப்பட்டிருந்த காப்பகங்களையும் சேர்த்தே குறித்தது. மருத்துவரிடம் வர இயலாதவரிடம் இந்தத் தொழில் நடந்து செல்லும் என்ற வழி, தொழில் பிறந்தபோதே திறந்துவிடப்பட்டது. அவ்வழியில் போதிய அளவு யாரும் அனுப்பப்படவில்லை என்பதே அடுத்த அரை நூற்றாண்டின் துயரம்.

காப்பகங்களுக்குள் அப்போது பரவியது வேறொரு கொள்கை. உடலின் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் சீழ்க்குவியம், நஞ்சை இரத்தத்தில் கலந்து தொலைவிலுள்ள உறுப்புகளையும் கெடுக்கும் என்பது குவியத் தொற்றுக் கொள்கை. 1910இல் மான்ட்ரியால் நகரில் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஆற்றிய உரைக்குப்பின் அது மருத்துவ உலகில் வேகமாகப் பரவிற்று. நியூ ஜெர்சியின் டிரென்டன் அரசு மனநோய் மருத்துவமனைக்கு 1907இல் தலைவரான ஹென்றி காட்டன், பைத்தியத்துக்கும் இத்தகைய குவியங்களே காரணம் என்று முடிவுகட்டி, நோயாளிகளின் பற்களைப் பெருவாரியாகப் பிடுங்கினார். அதனால் குணம் தெரியாதபோது உள்நாக்குச் சதை, குடற்பகுதி என்று மேலும் வெட்டச் செய்தார். 1920களின் நடுவில் அங்கே ஆய்வு செய்த ஃபிலிஸ் கிரீனேகர் என்ற பெண் மருத்துவர், சிகிச்சைக்குச் சொல்லப்பட்ட வெற்றிகள் பொய்யென்று கண்டதோடு, பல்லில்லாத நோயாளிகள் பலர் செயற்கைப் பல்தொகுதியும் இன்றி உணவை மெல்ல முடியாமல் இருந்ததையும் கண்டார். அவருடைய அறிக்கை அன்று வெளியிடப்படாமல் அமுக்கப்பட்டது. ஃபோன்ஸின் பள்ளி இருந்த கனெக்டிகட்டும் டிரென்டன் இருந்த நியூ ஜெர்சியும் ஏறத்தாழ அண்டை மாநிலங்கள். இரண்டும் ஒரே காலத்தில் வாயின் தூய்மையைப் பற்றியே பேசின. சொல்லிக்கொள்ளத் தெரிந்த குழந்தைக்குப் பிரஷ்ஷும், சொல்லிக்கொள்ளத் தெரியாத நோயாளிக்குக் குறடும் கிடைத்தன. மறுக்கும் உரிமை இல்லாத ஒருவரின் வாயில் மருத்துவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டிரென்டன் ஓர் அழியாத சான்று.

வலிப்பு நோயாளிகளின் ஈறு 1930களின் இறுதியில் புதியதொரு சிக்கலைக் கொண்டுவந்தது. பாஸ்டன் நகரில் டிரேசி பட்னமும் ஹூஸ்டன் மெரிட்டும் ஃபெனிடாயின் என்ற மருந்து வலிப்பை அடக்கும் என்று 1938இல் காட்டினார்கள். அதுவரை தூக்கத்தை மிகுவிக்கும் மருந்துகளையே நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் மறு ஆண்டே, அம்மருந்தை உண்பவர்களில் பலருக்கு ஈறு தடித்து வளர்ந்து பற்களை மூடத் தொடங்குகிறது என்ற செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. கிருமிப் படலம் தேங்கிய இடத்தில் இந்த வளர்ச்சி மிகும், நன்றாகத் துலக்கப்படும் வாயில் குறையும் என்பதைப் பல் மருத்துவர்கள் படிப்படியாக உணர்ந்தார்கள். மருந்தை நிறுத்த இயலாத நோயாளிக்கு, ஈறை வெட்டும் அறுவையைத் தள்ளிப்போடும் ஆற்றல் தினசரித் துலக்கலுக்கு இருக்கிறது என்ற அறிவு, காப்பகங்களில் பல் சுகாதாரப் பணியாளருக்கு மருத்துவ நியாயத்தைத் தந்த முதல் அறிவுகளுள் ஒன்று.

இந்த வரலாற்றின் நடுப்பகுதியும், மனத்தை மிகவும் கலங்கச் செய்யும் பகுதியும் சுவீடனின் தென்கோடியிலுள்ள லுண்ட் நகரத்தைச் சேர்ந்தவை. 1935இல் அங்கே திறக்கப்பட்ட விபெஹோம் மருத்துவமனை, கல்வி கற்பிக்க இயலாதவர்கள் என்று அரசு வகைப்படுத்திய, கடுமையான அறிவுசார் குறைபாடுடையோருக்கான இடம். சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார்கள். அக்காலத்தில் சுவீடன் மக்களின் பற்கள் மிக மோசமான நிலையில் இருந்தன. மூன்று வயதுக் குழந்தைகளிலேயே மிகப் பலருக்குச் சொத்தை இருந்தது. 1938இல் நாடாளுமன்றம் பொதுப் பல் மருத்துவச் சேவையைத் தொடங்கத் தீர்மானித்தபோது, இவ்வளவு பற்களை அடைக்கப் போதிய பல் மருத்துவர்கள் நாட்டில் இல்லை என்பதும், ஆகவே சொத்தையின் காரணத்தைக் கண்டு தடுப்பதே வழி என்பதும் புலனாயின. சர்க்கரை சொத்தையை உண்டாக்குகிறது என்ற ஐயம் பழையதுதான் என்றாலும், மனிதர்களிடம் அது நிறுவப்படவில்லை. உணவு முழுவதையும் பல ஆண்டுகள் கட்டுப்படுத்தக்கூடிய மனிதக் கூட்டம் ஒன்று ஆய்வாளர்களுக்கு வேண்டியிருந்தது. விபெஹோமின் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தன.

1945இல் வைட்டமின் ஆய்வாகத் தொடங்கியது 1947இல் சர்க்கரை ஆய்வாக மாறிற்று. நோயாளிகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு உணவோடு சர்க்கரைக் கரைசல், ஒன்றுக்கு இனிப்பு ரொட்டி, வேறு சிலவற்றுக்குச் சாக்லேட், கேரமல் என்று கொடுக்கப்பட, இரண்டு குழுக்களுக்குப் பல்லில் நன்றாக ஒட்டிக்கொள்ளும்படியான டாஃபி மிட்டாய், நாளொன்றுக்கு 8 என்றும் 24 என்றும், உணவு வேளைகளுக்கு இடையே கொடுக்கப்பட்டது. மிட்டாய், சாக்லேட் தயாரிப்பாளர்களும் ஆய்வுக்குப் பண உதவி செய்தார்கள். நோயாளிகளிடமோ அவர்களுடைய குடும்பத்தாரிடமோ ஒப்புதல் கேட்கப்படவில்லை. நாசி மருத்துவர்களின் சோதனைகளை விசாரித்த நீதிமன்றம், மனிதரைச் சோதனைக்கு உட்படுத்த அவருடைய தன்னார்வ ஒப்புதல் இன்றியமையாதது என்ற நூரெம்பெர்க் நெறிமுறையை வகுத்தளித்ததும் அதே 1947இல்தான் என்பதை மறந்துவிட்டு இந்த ஆய்வைப் படிக்க முடியாது.

பெங்ட் குஸ்டாஃப்சன் தலைமையில் எழுதப்பட்டு 1954இல் வெளிவந்த ஆய்வறிக்கை, 436 பேரை ஐந்தாண்டுகள் கவனித்த முடிவுகளைத் தந்தது. உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரை, அளவு மிகுந்தபோதும், சொத்தையைச் சிறிதளவே கூட்டியது. உணவு வேளைகளுக்கு இடையே, பல்லில் ஒட்டும் வடிவில், அடிக்கடி உண்ணப்பட்ட சர்க்கரையோ சொத்தையைப் பன்மடங்கு பெருக்கியது. நாளுக்கு 24 டாஃபி தின்ன வைக்கப்பட்டவர்களின் பற்கள் மிக மோசமாகச் சிதைந்தன. மிட்டாய் நிறுத்தப்பட்டதும் புதிய சொத்தைகளின் வேகம் தணிந்தது. எவ்வளவு உண்கிறோம் என்பதைவிட எத்தனை முறை, எந்த வடிவில், எந்நேரத்தில் உண்கிறோம் என்பதே பல்லுக்குக் கேடு விளைவிக்கிறது என்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம் இங்கிருந்து வந்தது. இனிப்பை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சுவீடன் அரசு 1950களின் பிற்பகுதியில் பெற்றோர்களுக்கு அறிவுறுத்த, சனிக்கிழமை மிட்டாய் என்ற வழக்கம் அந்நாட்டுக் குழந்தைகளிடம் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

விபெஹோம் பற்றி 1950களிலேயே செய்தித்தாள்களில் கண்டனம் எழுந்தது. எலின் பொம்மெனெல் என்ற வரலாற்றாய்வாளர் 2006இல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வு, முடிவுகள் எடுக்கப்பட்ட விதத்தை ஆவணங்களோடு விளக்கிக் காட்டியது. அக்காலத்துக்கு அது வழக்கமே என்ற சமாதானமும், கிடைத்த அறிவு கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் பயன்பட்டதே என்ற சமாதானமும் ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலராலும் பின்வந்தவர்களாலும் சொல்லப்பட்டதுண்டு. இரண்டாவது கூற்று மெய்தான். அதனாலேயே கடனும் பெரிதாகிறது. ஒரு நாட்டுக் குழந்தைகளின் பற்களைக் காத்த அறிவுக்குத் தம் பற்களை விலையாகக் கொடுத்தவர்கள், அந்த விலை கேட்கப்படுவதையே அறியாதவர்கள். அந்த அறிவால் முதலில் பயன்பெற்றிருக்க வேண்டியவர்கள் அவர்களைப் போன்றவர்களே. ஆனால் அறிவுசார் குறைபாடுடையோருக்கான விடுதிகளிலும் பள்ளிகளிலும், நல்ல நடத்தைக்குப் பரிசாக மிட்டாய் கொடுக்கும் வழக்கமும், நாள்பட்ட மருந்துகளைச் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுக்கும் வழக்கமும் விபெஹோம் அறிக்கைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பல நாடுகளில் தொடர்ந்தன.

ஒப்புதலோடு செய்யப்பட்ட சோதனையும் இந்த வரலாற்றில் உண்டு. அண்டை நாடான டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய தோழர்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், பல் மருத்துவ மாணவர்கள் உள்ளிட்ட நலமான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு சிவந்து வீங்கிக் கசிந்தது. கிருமிப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகளும் மாறின. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. எளிய இந்தச் சோதனை, காப்பகங்களில் நிலவிய ஒரு பழைய எண்ணத்தின் வேரை அறுத்தது. இரத்தம் கசியும் ஈறும் வாய் நாற்றமும் குறைபாட்டின் கூறுகள், அவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஊழியர்களும் சில மருத்துவர்களும் எண்ணி வந்தார்கள். அறிவும் கையும் நலமாயுள்ள மாணவர்களே மூன்று வாரம் துலக்காவிட்டால் அதே நிலையை அடைவார்கள் என்றால், காப்பகத்தில் இருந்தவரின் ஈறு கசிந்ததற்கு மனவளர்ச்சி காரணமாகாது. யாரும் துலக்கிவிடவில்லை என்பதே அதன் பெருங்காரணம். 0.2 விழுக்காடு குளோர்ஹெக்ஸிடின் கரைசலால் நாளுக்கு இருமுறை வாய் கொப்பளித்தால் படலம் உருவாவது தடைப்படும் என்று 1970இல் காட்டியவர்களும் லோவும் அவருடைய சக ஆய்வாளரும்தான். கொப்பளித்துத் துப்பத் தெரியாதவர்களுக்காக அதையே தெளிப்பாகவும் கூழாகவும் பயன்படுத்தும் முறைகள் பின்னர் வந்தன.

கருவிகளும் இதே காலத்தில் மாறின. இன்று வசதியானவர்களின் குளியலறைப் பொருளாகிவிட்ட மின் பிரஷ், 1954இல் சுவிட்சர்லாந்தில் பிலிப் கை வூக் என்பவரால் உருவாக்கப்பட்டபோது, கை அசைவு குறைந்த நோயாளிகளையும் பல் சீரமைப்புக் கம்பி அணிந்தவர்களையும் மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது; பிராக்ஸோடென்ட் என்ற பெயரில் 1960வாக்கில் அமெரிக்காவுக்கும் வந்தது. ஆனால் இப்பணியின் உண்மையான தேர்ச்சி விலையுயர்ந்த கருவிகளில் இல்லை. பிரஷ்ஷின் காம்பை ரப்பர்ப் பந்துக்குள் செருகியோ, சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டியோ பருமனாக்கினால் இறுகிய விரல்களும் அதைப் பற்றிக்கொள்ளும். உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை கட்டினால் பிடிக்கவே முடியாதவரும் பிடிக்கலாம். தாமே துலக்கக்கூடிய ஒருவருக்கு, அது எவ்வளவு குறையுள்ளதாயினும், அந்த வேலையை அவரிடமே விட்டுவைத்து, விடுபட்டதை மட்டும் பிறகு நிறைவு செய்வது நல்ல பணியாளர்களின் மரபு. தாமே செய்ய முடியாதவருக்குத் துலக்கிவிடுபவர் எதிரில் நில்லாமல் பின்னால் நின்று, தலையைத் தம் மார்பிலோ முன்கையிலோ தாங்கிக்கொண்டு, பிரஷ்ஷின் மயிரிழைகளை ஈறோரத்தை நோக்கிச் சாய்த்து மெல்ல அசைக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உடையவருக்கு வாயில் பட்டதும் பற்கள் தாமே இறுகக் கடித்துக்கொள்ளும் அனிச்சைச் செயல் இருக்கலாம் என்பதால், பிரஷ்ஷை நேராக நுழைக்காமல் கன்னத்தின் ஓரமாகக் கொண்டுபோக வேண்டும். விழுங்குவதில் இடர் உள்ளவருக்குத் தண்ணீரும் பற்பசையும் மிகுந்தால் அவை மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பதால், ஈரமாக்கிய பிரஷ்ஷும் உறிஞ்சுகுழாயும் போதும். இவை அனைத்தும் பாடநூல்களில் ஏறுவதற்கு முன்பே தாய்மார்களும் செவிலியர்களும் விடுதி ஊழியர்களும் தம் கையால் கண்டறிந்து வைத்திருந்தவை. அவர்களில் எவர் பெயரும் பதிவாகவில்லை.

அச்சத்தைக் கையாள்வது இன்னொரு பெரிய கலை. முதலில் சொல்லி, பிறகு காட்டி, அதன் பிறகே செய்வது என்ற முறையை 1959இல் ஹரால்ட் ஆடெல்ஸ்டன் குழந்தைப் பல் மருத்துவத்துக்கு வகுத்தளித்தார். ஆட்டிசம் உடையவர்களுக்குச் சொல் மட்டும் போதாது. விளக்கின் கூசும் ஒளியும், உறிஞ்சுகருவியின் ஓசையும், கையுறையின் நெடியும் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பன்மடங்காகத் தாக்கும். ஆகவே முதல் நாள் அறைக்குள் வந்து போவது, அடுத்த முறை நாற்காலியில் உட்காருவது, அதற்கடுத்து வாயைத் திறந்து பத்து எண்ணும்வரை வைத்திருப்பது என்று, ஒரே அறையில், ஒரே பணியாளரிடம், படங்களின் துணையோடு பல வருகைகளாகப் பழக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் வேர்கொண்டது. பட்டைகளால் உடலைக் கட்டிவைப்பதும், முழு மயக்கம் கொடுத்து ஒரே அமர்வில் பல பற்களைப் பிடுங்குவதும் அதற்கு முன்னர் எளிதில் கையாளப்பட்ட வழிகள். முழு மயக்கம் உயிர்காக்கும் இடங்கள் இன்றும் உண்டு. ஆயினும் ஒவ்வொரு முறையும் அதைத் தேட வேண்டியிருப்பது, இடைப்பட்ட மாதங்களில் யாரும் அந்த வாயைப் பார்க்கவில்லை என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. பொறுமைக்கு நேரம் வேண்டும்; பல் மருத்துவரின் நேரத்துக்கு விலை அதிகம். இந்த இடத்தில்தான் சுகாதாரப் பணியாளரின் தொழில் ஈடிணையற்றதாகிறது.

அமெரிக்காவில் ஊனமுற்றோருக்கான பல் மருத்துவக் கழகம் 1952இல் அமைந்தது. எனினும் பெரிய மாற்றத்தை உண்டாக்கியவர்கள் பல் மருத்துவர்கள் அல்லர். காப்பகங்களின் கதவைத் திறக்கப் போராடிய பெற்றோர்கள். நியூயார்க்கின் வில்லோபுரூக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கானோர் அழுக்கிலும் நெரிசலிலும் அடைபட்டிருந்த காட்சியை 1972இல் தொலைக்காட்சி வெளிப்படுத்தியதற்குப்பின் பெரிய காப்பகங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. வெளியே வந்தவர்கள் சிறு இல்லங்களிலும் குடும்பங்களிலும் வாழத் தொடங்கியபோது, அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கத் உள்ளூர்ப் பல் மருத்துவமனைகள் பயிற்சி பெற்றிருக்கவில்லை என்பது தெரியவந்தது. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை 1974இல் 11 பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு நிதியளித்து அந்தப் பயிற்சியைத் தொடங்கிவைத்தது. 1993இல் சிறப்பு ஒலிம்பிக்ஸ் இயக்கம் விளையாட்டுத் திடல்களிலேயே வீரர்களின் பற்களைப் பரிசோதிக்கத் தொடங்கியது. பிரிட்டனில் சிறப்புப் பராமரிப்புப் பல் மருத்துவம் 2008இல் தனித் துறையாக ஏற்கப்பட்டது.

வாய்த் தூய்மை அழகு சார்ந்த அக்கறை மட்டுமே என்ற எண்ணத்தை அசைத்தது ஜப்பான். அங்குள்ள 11 முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்டு 1999இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் ஊழியர்கள் பல் துலக்கிவிட்டதோடு வாரந்தோறும் தொழில்முறைத் தூய்மையும் பெற்ற குழுவில் 11 விழுக்காட்டினருக்கும், அது கிடைக்காத குழுவில் 19 விழுக்காட்டினருக்கும் நுரையீரல் அழற்சி கண்டது. விழுங்கும் திறன் குன்றியவர்களின் வாயிலுள்ள கிருமிகள் உமிழ்நீரோடு நுரையீரலுக்குள் இறங்குவதே இந்நோயின் வழி. வாயில் கிருமி குறைந்தால் நோயும் குறைகிறது. பல் துலக்கிவிடும் கை உயிரையும் காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதுவரை வந்ததில்லை. அந்தக் கைகள் ஜப்பானில் ஏராளமாக இருந்தன. பல் சுகாதாரப் பணியாளருக்கென அந்நாடு 1948இலேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தது; இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் இருக்கிறார்கள்.

அதே 1948இல்தான் சுதந்திர இந்தியாவும் பல் மருத்துவர் சட்டத்தை இயற்றியது. பற்களின் காரை நீக்கி, தூய்மைப்படுத்தி, மெருகிட்டு, வாய்ச் சுகாதாரம் கற்பிப்பவர் என்று சுகாதாரப் பணியாளரை அச்சட்டம் வரையறுத்து, பல் மருத்துவருக்கும் செயற்கைப் பல் செய்யும் தொழிலாளருக்கும் போலவே அவருக்கும் தனிப் பதிவேடு வைக்கச் சொன்னது. பெயர் சட்டத்தில் இருந்தது, தொழில் வளரவில்லை. பல் மருத்துவர்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டிய நாட்டில் பதிவு பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மிகச் சிலரே. அவர்களும் பெரும்பாலும் நகர மருத்துவமனைகளுக்குள் இருக்கிறார்கள், விடுதிகளையும் சிறப்புப் பள்ளிகளையும் நாடிச் செல்லும் ஏற்பாடு அரிது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொள்ளத் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. 1995ஆம் ஆண்டின் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருக்க, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, மருத்துவமனைகளில் அவர்களுக்கு முன்னுரிமையும் தடையற்ற நுழைவும் தரவேண்டும் என்று விதிக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்காக 1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் நடக்கும் நிராமயா காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவச் செலவுக்குள் பல் நோய்த் தடுப்புச் சிகிச்சையும் அடங்கும். இத்தகைய பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

விபெஹோமின் நோயாளிகள் மறைந்துவிட்டார்கள். மருத்துவமனையும் மூடப்பட்டு, அதன் கட்டடங்களில் ஒரு மேல்நிலைப் பள்ளி இயங்குகிறது. சுவீடனில் பல் சுகாதாரப் பணியாளர்களுக்கான பயிற்சி 1960களின் இறுதியில் தொடங்கியது. 1999 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, நீண்டகாலக் குறைபாட்டோடு பிறர் துணையில் வாழும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை அவர் வசிக்கும் இடத்துக்கே சென்று வாயைப் பரிசோதிப்பதும், அவரைப் பராமரிப்பவர்களுக்குப் பல் துலக்கிவிடக் கற்பிப்பதும் வட்டார அரசின் கடமை. அதற்குக் கட்டணம் கிடையாது.